புற்றுநோய் கண்ட நாய்க்கு மீன் எண்ணெய், மஞ்சள், மூலிகை: எதை, எவ்வளவு, எப்போது

நாயின் உடம்பில் கட்டி தெரிந்த அன்றே யாராவது ஒருவர் கஷாயம் சொல்லிவிடுவார். முள்ளு அன்னமுன்னா இலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், தேயிலைக் கொழுந்து என்று மலையகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு புகழ் இருக்கிறது. இவற்றில் ஒன்றிரண்டு நாய்க்குக் கொஞ்சம் உதவும். சில சும்மா. சில நோயைவிட வேகமாக ஆளைக் கொல்லும். கட்டியைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட இயற்கைத் துணை உணவு இன்றுவரை ஒன்றும் இல்லை. சாப்பாட்டை உள்ளே இறக்கவும், எடை குறையாமல் பார்க்கவும், வைத்தியத்தைத் தாங்கும் தெம்பைக் கொடுக்கவும் சில உதவும். அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை.

முதலில் கட்டியின் பெயர்

பெயர் தெரியாமல் எதையும் கொடுக்கத் தொடங்காதீர்கள். மிருக வைத்தியர் ஒரு மெல்லிய ஊசியைக் கட்டியில் குத்திக் கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தொடங்கலாம். அங்கே முடியாததற்கு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

இதில் அவசரம் ஏன் என்றால், அவிழ்த்துவிட்டபடி திரியும் நாய்களுக்கு வரும் ஒரு புற்றுநோய் நன்றாகவே குணமாகக்கூடியது. பிறப்புறுப்பில் பூக்கோவா மாதிரிச் சிவந்து கிளம்பி, தொட்டால் இரத்தம் கசியும் கட்டி அது. இனச்சேர்க்கையாலும் நக்குவதாலும் ஒரு நாயிலிருந்து மற்றதற்கு ஒட்டும். சில நேரம் மூக்கிலும் வரும். வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒன்றாக நான்கு முதல் எட்டு வாரம் நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் முழுமையாகத் தேறிவிடுகின்றன. அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் கஷாயம் காய்ச்சுவது வீண்வேலை.

வின்கிரிஸ்டின் முதலில் எடுக்கப்பட்டது நித்தியகல்யாணியிலிருந்து. லயத்து வாசலில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூக்கும் அதே செடி, பட்டிப்பூ என்றும் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொண்டவர்கள் இலையைப் பறித்து அவித்துக் கொடுக்கிறார்கள். செய்யவே கூடாது. மருந்து ஒரு கிராம் கிடைக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே கஷாயத்தில் பயன்படும் அளவுக்கு மருந்து இருக்காது, இலையில் உள்ள மற்ற நச்சுகள்தான் வயிற்றுக்குள் போகும். வாந்தி, கழிச்சல், இரத்த அழுத்தம் விழுதல், நரம்புத் தளர்ச்சி என்று வரும். சுத்திகரித்த மருந்துகூட நாளத்துக்கு வெளியே ஒரு சொட்டுச் சிந்தினால் தசையை அழுக வைக்கும். அவ்வளவு கடுமையான சரக்கு அது.

இன்னொன்று, தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டி. இதைத் தேய்க்க, அழுத்த, சூடு கொடுக்க, எண்ணெய் போட்டு உருவக் கூடாது. உள்ளே இருக்கும் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் ஒரேயடியாகக் கொட்டி, கட்டி திடீரென வீங்கும். நாய் வாந்தி எடுக்கும், சோர்ந்து விழும். என்ன கட்டி என்று தெரியாதவரை எந்தக் கட்டிக்கும் பத்துப் போடாமல் இருப்பதே நல்லது.

சோற்றுத் தட்டு

துணை உணவுக்குச் செலவழிக்கும் காசில் பாதியைத் தட்டில் போட்டால் பலன் அதிகம். நம் வீடுகளில் நாய்க்குப் போவது பெரும்பாலும் சோறும் குழம்பு வழித்ததும். புற்றுநோய் தசையைத் தின்னும்; சோற்றால் அதை ஈடுகட்ட முடியாது. அதற்காகச் 'சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்' என்பதும் நடக்காது. மெலியப் போவது நாய்தான்.

10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாத கோழி இறைச்சி அவித்தது 200 கிராம், சோறு 150 கிராம், ஒரு அவித்த முட்டை, மசித்த பூசணிக்காய் இரண்டு மேசைக்கரண்டி. இதை மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் வேண்டாம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்; கிலோவுக்கு 15 கிராம் போனாலே இரத்தத்தில் பாதிப்பு தெரியும். வெள்ளைப்பூண்டும் அதே குடும்பம். இரத்தசோகை உள்ள நாய்க்கு இரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும். பருப்புக் கறியில் தாளித்த வெங்காயத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தத் தட்டில் போதிய கல்சியம் கிடையாது. முட்டைக் கோதைக் கழுவி, வெறும் சட்டியில் பத்து நிமிடம் வறுத்து, மா மாதிரி அரைத்து, ஒரு நாள் சாப்பாட்டுக்குத் தட்டையாக அரைத் தேக்கரண்டி சேருங்கள். அதில் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் இருக்கும். ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும், ஆசனவாய்ப் பைகளில் வரும் புற்றுநோயும் இரத்தத்தில் கல்சியத்தைத் தாமாகவே ஏற்றிவிடக்கூடியவை. அந்த இரண்டிலும் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் கோதும் வேண்டாம், வைட்டமின் டி சொட்டும் வேண்டாம். நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழித்தால் அதுவே முதல் அறிகுறி.

மாதக்கணக்கில் இதே சாப்பாடு என்றால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் குறையும். நாய்க்கென்று விற்கும் விற்றமின் கலவை ஒன்றை வைத்தியரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கீமோ ஊசி (வின்கிரிஸ்டின் மாதிரிப் புற்றுச்செல்லைக் கொல்லும் மருந்து) போகும் நாய்க்குப் பச்சை இறைச்சி, பச்சை முட்டை கூடாது. ஊசி போட்டு ஏழு முதல் பத்து நாளில் வெள்ளையணுக்கள் விழுந்திருக்கும். சாதாரண நாளில் நாய் தாங்கும் கிருமி அப்போது இரத்தத்துக்குள் இறங்கிவிடும்.

மீன் எண்ணெய்

துணை உணவுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள். மீன் எண்ணெயில் உள்ள ஈபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பமிலங்களும் வீக்கத்தைத் தணிக்கும், மூட்டுக்கும் நல்லது. கீமோவோடு மீன் எண்ணெயும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்த உணவு பெற்ற லிம்போமா நாய்களில் ஒரு பகுதிக்கு நோயற்ற காலம் நீண்டதாக 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு.

பாமசியில் கிடைக்கும் 1000 மில்லிகிராம் மாத்திரையில் முழு 1000மும் இந்த அமிலங்கள் கிடையாது. போத்தலின் பின்பக்கம் சிறிய எழுத்தைப் பாருங்கள்: சாதாரண மாத்திரையில் ஈபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம். கணக்கு இந்த 300இல்தான் போட வேண்டும்.

நாயின் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று தொடங்குங்கள். 10 கிலோ நாய்க்கு ஒரு மாத்திரை. ஒரு வாரம் மலம் இறுகலாக இருந்தால் இரண்டாக்கலாம். அதற்கு மேல் போவதை வைத்தியர் சொல்லட்டும். 10 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கான பாதுகாப்பான உச்ச எல்லை சுமார் 2000 மில்லிகிராம். 20 கிலோ நாய்க்கு 3500. எடை இரட்டித்தால் எல்லை இரட்டிக்காது, அதைக் கவனியுங்கள். எப்போதும் சாப்பாட்டோடுதான். மாத்திரையை ஊசியால் குத்திச் சோற்றில் பிழிந்து விடலாம். பிழியும்போது முகர்ந்து பாருங்கள். மீன் வாசம் வரும், அது சரி. பழைய பெயின்ற் மாதிரிக் காறல் வாடை வந்தால் போத்தலையே எறிந்துவிடுங்கள். கெட்ட எண்ணெய் நன்மைக்கு நேர்மாறான வேலை செய்யும்.

அடிக்கடி நடக்கும் பிழை, மீன் எண்ணெய் என்று கொட் ஈரல் எண்ணெயை வாங்கி வருவது. அதில் வைட்டமின் ஏயும் டியும் அடர்ந்திருக்கும். ஒமேகா அளவுக்கு அதைக் கொடுத்தால் வைட்டமின் நச்சாகிவிடும்.

மாத்திரைக்கு வசதி இல்லையா, டின் மீன் வாங்குங்கள். தண்ணீரில் அடைத்த மெக்கரல் 100 கிராமில் இந்த அமிலங்கள் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிராம், அதாவது நடுத்தரத் துண்டில் பாதி. டின் தண்ணீரை வடித்துவிட்டு, மீனை இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை இறக்க வேண்டும். தக்காளிச் சாற்றில் அடைத்ததை விட்டுவிடுங்கள். நெத்தலிக் கருவாடு மலிவுதான், ஆனால் அத்தனையும் உப்பு. இருதயமோ சிறுநீரகமோ தளர்ந்த கிழட்டு நாய்க்கு அதைக் காட்டவே வேண்டாம்.

மலம் இளகினால் பாதியாகக் குறையுங்கள். முன்பு கணைய அழற்சி வந்த நாய்க்குத் தொடங்கவே வேண்டாம். மீன் எண்ணெய் இரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பதால் சத்திர சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மஞ்சள்

மஞ்சளின் புகழுக்குக் காரணமான குர்குமின் என்ற பொருள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. கால் தேக்கரண்டித் தூள் முக்கால் கிராம் வரும். அதில் குர்குமின் சுமார் 25 மில்லிகிராம். அதிலும் குடல் உறிஞ்சுவது மிகச் சொற்பம், மிச்சம் மலத்தோடு போய்விடும். ஆகவே சமையல் மஞ்சளைச் சாப்பாடாகக் கருதுங்கள், மருந்தாக நினைத்துக் கரண்டி கரண்டியாகக் கூட்டாதீர்கள். கூட்டினால் வயிறு புண்ணாகும், கழிச்சல் வரும், அவ்வளவுதான் மிச்சம்.

கொடுப்பதானால் விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து நீங்களே அரைப்பது நல்லது. 2020ஐ ஒட்டி மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை ஏறிய காலத்தில் மாவும் நிறமும் கலந்த தூள் கடைகளில் நிறையவே புழங்கியது. இரண்டு மேசைக்கரண்டித் தூளை நான்கு மேசைக்கரண்டித் தண்ணீரில் குழைத்து, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் கிளறி, இறக்கியதும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் கலக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். 10 கிலோ நாய்க்குக் கால் தேக்கரண்டி, ஒரு நாளைக்கு இரு வேளை, சோற்றோடு. நுவரெலியாக் குளிரில் எண்ணெய் உறைந்து மேலே வெள்ளையாகப் படியும். அது பூஞ்சணம் இல்லை, கரண்டியால் கலக்கிவிட்டுக் கொடுக்கலாம்.

மிளகு சேர்த்தால் மஞ்சள் நன்றாகச் சுவறும் என்பது உண்மை. ஆனால் அதே மிளகு, ஈரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேகத்தையும் மாற்றும். கீமோ, வலிப்பு மருந்து, வலி மருந்து எதுவாவது போகும் நாய்க்கு மிளகு வேண்டாம். மண்ணீரல் கட்டி போன்று இரத்தம் கசியும் நோய்கள், பித்தப்பை அடைப்பு, அடுத்த வாரச் சத்திர சிகிச்சை, இந்த மூன்றில் எது இருந்தாலும் மஞ்சளே வேண்டாம். கீமோ ஏறும் நாட்களிலும் நிறுத்தி வையுங்கள். வைட்டமின் சி, ஈ மாத்திரைகளுக்கும் இதே கட்டுப்பாடுதான். மருந்து செல்லை எரிக்கப் பார்க்கும்போது இவை பக்கத்தில் நின்று அணைக்கக்கூடும்.

தேயிலை

கிறீன் ரீ புற்றுநோய்க்கு நல்லது என்று படித்துவிட்டு, வீட்டைச் சுற்றி அதுவே இருக்கும்போது கை சும்மா இருக்காது. நாய்க்குக் கொடுக்காதீர்கள். பச்சைத் தேயிலைச் சாற்றின் பாதுகாப்பை அறிய நடந்த ஆய்வு ஒன்றில், வெறும் வயிற்றில் அதைப் பெற்ற நாய்களுக்கு ஈரலும் குடலும் சிதைந்து சில இறந்துபோனதால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். சாப்பாட்டோடு பெற்றவற்றுக்குப் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது. பசி செத்துப்போன புற்றுநோய் நாயின் வயிறு பெரும்பாலும் வெறுமையாகத்தானே இருக்கிறது.

கஃபீனும் உண்டு. ஒரு தேக்கரண்டித் தேயிலைத் தூளில் 50, 60 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே நாய் பதறி, இருதயம் படபடக்கத் தொடங்கும். 60ஐத் தொட்டால் வலிப்பு. 5 கிலோக் குட்டி நாய் பதறத் தொடங்க இரண்டு தேக்கரண்டித் தூளே போதும். தேத்தண்ணிச் சக்கையைப் பாலும் சீனியும் ஊறியபடியே குப்பையில் போடுகிறோம், மூடி வையுங்கள். மருந்தடித்த மலையில் கொழுந்து பறித்துக் காய்ச்சுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

முள்ளு அன்னமுன்னா, காளான், மற்றவை

சிங்களத்தில் கட்டு அனோதா எனப்படும் முள்ளு அன்னமுன்னாவின் இலையில் அனோனசின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது. இந்தக் குடும்பத்துப் பழமும் இலைத் தேநீரும் பல காலம் சாப்பிட்ட குவாடலூப் தீவு மக்களிடையே பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் காணப்பட்டது. சோதனைக் குழாயில் புற்றுச்செல்லைக் கொல்வது உண்மைதான். மூளைச் செல்லையும் கொல்கிறது. தவிர்த்துவிடுங்கள்.

டேர்கி டெயில் என்ற காளானின் சாற்றைப் பற்றிப் பெரிய பேச்சு உண்டு. மண்ணீரலில் வரும் இரத்தநாளப் புற்றுநோய் உள்ள 15 நாய்களை வைத்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட முடிவிலிருந்துதான் அது கிளம்பியது. அங்கிருந்தே பின்னர் வந்த பெரிய ஆய்வு அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செலவுக்கு அது ஈடாகாது. அதற்காக மழைக்குப் பின் மலையில் முளைக்கும் காளானைப் பிடுங்கி வராதீர்கள். கடையில் விற்கும் சிப்பிக் காளானை அவித்து ஒரு கரண்டி சோற்றில் போடலாம், அது வெறும் காய்கறி.

வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கூடாது. கற்றாழையின் தோலடி மஞ்சள் பால் கடுமையாகப் பேதியாக்கும். வல்லாரை, முருங்கை இலை நன்றாக அவித்து ஒரு மேசைக்கரண்டி போட்டால் கெடுதி இல்லை. தயிர் உவக்கும் நாய்க்குச் சீனி சேராத தயிர் ஒரு மேசைக்கரண்டி போதும்; வெள்ளையணு விழுந்திருக்கும் வாரத்தில் அதையும் நிறுத்துங்கள். தூள் வகைகள் எதுவானாலும் ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி வைக்க வேண்டும். மலையின் பனியில் தூள் கட்டிபட்டு, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அந்த நச்சு நேராக ஈரலுக்குப் போகும்.

வலிக்கு வீட்டு மாத்திரை கொடுப்பது இயற்கை வைத்தியத்தில் சேராவிட்டாலும் இங்கே சொல்லியாக வேண்டும். 500 மில்லிகிராம் பெனடோல் ஒன்று 5 கிலோ நாயின் ஈரலைக் கெடுக்கப் போதுமான அளவு. டிஸ்பிரின், புரூபன், டைக்குளோஃபெனாக் எல்லாம் குடலை ஓட்டையாக்கும். வைத்தியர் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். வலி இருந்தால் வலிக்கான மருந்தை வைத்தியரிடம் கேளுங்கள்.

கட்டி வெடித்துப் புண்ணானால்

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றரில் தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள், நாளுக்கு இரு தடவை. மேலே கலப்படமில்லாத தேன் மெல்லிசாகப் பூசி மூடலாம். கித்துள் பாணியும் தேனும் ஒன்றல்ல. பாணியைப் பூசினால் எறும்பும் ஈயும் மொய்க்கும். மஞ்சள் பத்து காய்ந்து வெடித்து, எடுக்கும்போது தோலையும் சேர்த்து உரிக்கும். புழு விழுந்தால் மண்ணெண்ணெய், பினைல், பூச்சி உருண்டை எதுவும் ஊற்றாமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

தொடங்கும் முறையும் நிறுத்தும் முறையும்

ஒரு நேரத்தில் ஒன்றுதான் புதிதாகத் தொடங்க வேண்டும், அடுத்ததற்கு முன் ஏழு நாள் இடைவெளி. மூன்றை ஒன்றாகத் தொடங்கிக் கழிச்சல் வந்தால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கொப்பியில் தினமும் எழுதுங்கள்: எவ்வளவு சாப்பிட்டது, மலம் எப்படி, வாந்தி உண்டா, நடந்ததா. வாரம் ஒரு தடவை கட்டியைத் தையல் நாடாவால் நீள அகலம் அளந்து, பக்கத்தில் பத்து ரூபாய்க் குத்தி ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். எடைக்கு, நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். பெரிய நாயானால் படங்குத் துண்டில் கட்டித் தூக்குத் தராசில் தொங்கவிட்டால் சரி. 12 கிலோ நாய் 600 கிராம் இறங்கினால் வைத்தியருக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

வைத்தியரிடம் போகும்போது கொப்பியோடு போத்தல்களையும் எடுத்துப் போங்கள். 'ஏதோ மூலிகை மாத்திரை' என்று சொன்னால் அவரால் ஒன்றும் கணிக்க முடியாது. கீமோ போட்ட பின் மூன்று நாளுக்கு மலசலத்தைக் கையுறை போட்டு அள்ளுங்கள், சிறுநீர் விழுந்த இடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். லயத்து முற்றத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் என்றால் அந்த மூன்று நாளும் நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடக் கூடாது.

ஈறு வெளிறினாலோ, வயிறு திடீரென உப்பி நாய் தள்ளாடினாலோ, மலம் தார் நிறமானாலோ அது உள்ளே இரத்தம் போகும் அடையாளம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நாய் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பினால் முதலில் மஞ்சளை நிறுத்துங்கள், பிறகு கீரையும் காளானும், கடைசியாக மீன் எண்ணெயை. துணை உணவின் வாடை ஒட்டிய தட்டை நாய் ஒருமுறை வெறுத்துவிட்டால், பிறகு நல்ல கோழியைப் போட்டாலும் கிட்ட வராது. தட்டை மாற்றி, கோழித் துண்டைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சூடாக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். இரண்டு நாள் அப்படியும் வாய் வைக்காவிட்டால் வாந்தியை நிறுத்தும் மருந்து, பசி தூண்டும் மருந்து இரண்டும் வைத்தியரிடம் உண்டு, போய்க் கேளுங்கள்.